கரண்டை அளவு

வெள்ளாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் ஓதிக்கொடுக்க வேண்டியதில்லை. சேலத்து மலைப்பக்கம் உற்பத்தியாகி, நமது திட்டக்குடியை ஒட்டி ஓடி, பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிற இந்த ஆறு, ஐப்பசி கார்த்திகையில் இரு கரையும் தழுவிப் போகும். பங்குனி பிறந்துவிட்டால் வெறும் மணல்வெளியாகக் கிடக்கும். வருகிற நாளில் வருகிறதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் தொழுதூரில் அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பி, கீழச்செருவாயில் வெலிங்டன் ஏரியைக் கட்டினார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் 1913-ல் தொடங்கி 1923-ல் முடிந்த வேலை அது. சுமார் 24,000 ஏக்கர் நிலம் அந்த ஏரியை நம்பி நிற்கிறது.

ஏரி திறந்துவிட்ட நாட்களில் வாய்க்கால் கரையோடு நடந்து போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாயிருக்கும். தலைமடையில் வயல் நிரம்பி, வரப்பு வழிந்து, தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். கடைமடையில் ஒருவர் மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, இன்றைக்காவது வருமா என்று இரவெல்லாம் கண்விழித்துக் கிடப்பார். தலைமடைக்காரர் திருடரல்லர். தமது வயலுக்குத் தமது மடையில் வந்த தண்ணீரைத்தான் பாய்ச்சினார். அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று. போதும் என்று மடையை அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மனிதனுடைய நப்ஸின் ஆசைகளும் இப்படியேதான். அவற்றில் பெரும்பாலானவை ஹராமானவையல்ல. நல்ல உணவு, நல்ல உடை, வீடு, மனைவி மக்கள், நாலு பேர் மதிக்கிற வாழ்வு இவற்றையெல்லாம் விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை. அல்லாஹ் ஆகுமாக்கிய தூய பொருள்களை நீங்களாகவே உங்கள்மீது விலக்கிக்கொள்ளாதீர்கள் என்று 'மாயிதா' அத்தியாயத்தின் 87-ஆம் வசனம் எச்சரிக்கவே செய்கிறது. அதே வசனம் வரம்பு மீறாதீர்கள் என்றும் சொல்கிறது. 'புர்கான்' அத்தியாயத்தின் 67-ஆம் வசனமோ, ரஹ்மானின் அடியார்கள் யாரென்று வர்ணிக்கும்போது, செலவு செய்தால் வீண்விரயமும் செய்யாமல் கருமித்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் என்று அடையாளம் காட்டுகிறது.

நடு என்று சொல்லிவிடுவது எளிது. எது நடு? ஆயிரம் ரூபாய்ச் சேலை நடுவா, ஐயாயிரம் ரூபாய்ச் சேலை நடுவா? ஆளாளுக்கு ஒரு நடு வைத்துக்கொண்டு, தமக்கு மேலே செலவழிப்பவரை ஊதாரி என்றும் கீழே செலவழிப்பவரைக் கஞ்சன் என்றும் சொல்லிக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இந்தக் கேள்விக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்த அளவுகோல் ஒன்று உண்டு. அதுவும் ஒரு வாய்க்கால் வழக்கில்தான் வந்தது என்பது நம் பக்கத்து மக்களுக்குத் தனி மகிழ்ச்சி தரவேண்டும்.

மதீனாவின் ஹர்ரா என்னும் கருங்கல் நிலப்பகுதியில் மழைநீர் ஓடுகிற வாய்க்கால்கள் இருந்தன. அவற்றைக்கொண்டு பேரீச்ச மரங்களுக்கு நீர் பாய்ச்சுவார்கள். ஸுபைர் (ரலி) அவர்களுடைய தோட்டம் மேலே. அன்ஸாரி ஒருவருடைய தோட்டம் கீழே. தண்ணீரைத் தேக்காமல் விட்டுவிடும்படி அன்ஸாரி கேட்டார். ஸுபைர் (ரலி) இணங்கவில்லை. வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. ஸுபைரே, உமது மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டைவீட்டாருக்கு விட்டுவிடும் என்று தீர்ப்பளித்தார்கள். இது சமாதானமான தீர்ப்பு. ஸுபைர் (ரலி) தமது முழு உரிமையையும் எடுத்துக்கொள்ளாமல் சற்று விட்டுக்கொடுக்கும்படியான தீர்ப்பு. ஆனால் அந்த அன்ஸாரி அவசரப்பட்டு, ஸுபைர் உங்கள் மாமியின் மகனென்பதால் இப்படிச் சொல்கிறீர்கள் என்று பேசிவிட்டார். (ஸுபைரின் தாயார் ஸஃபிய்யா (ரலி) அவர்கள் நபிகளாரின் தந்தையுடன் பிறந்தவர்.) அண்ணலாரின் திருமுகம் மாறிற்று. அப்படியானால் பாய்ச்சிவிட்டு, பாத்தியின் வரம்பை எட்டுகிற வரையில் தேக்கி வைத்துக்கொள்ளும் என்று ஸுபைருக்கு முழு உரிமையையும் வழங்கினார்கள். அந்த உயரத்தை மக்கள் அளந்து பார்த்தபோது அது கரண்டைக்கால் அளவாக இருந்ததென்று புகாரி ஷரீஃபில் வருகிறது. மஹ்ஸூர், முதைனிப் என்ற மதீனாவின் இரு ஓடைகளைப் பற்றியும் இதே தீர்ப்பு உண்டு. மேல்நிலத்தார் கரண்டைக்கால் அளவு வரும்வரை நிறுத்திக்கொண்டு, பிறகு கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டும்.

இந்தத் தீர்ப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மேலே இருப்பவன் முதலில் பாய்ச்சிக்கொள்ளலாம். அவன் மரம் வாடவேண்டுமென்று மார்க்கம் கேட்கவில்லை. கரண்டை வரையில் நின்ற தண்ணீர் அவனுடையது. கரண்டைக்கு மேலே ஏறுகிற தண்ணீர், அவன் நிலத்தில் நின்றாலும், கீழேயிருப்பவனுடையது. ஸுபைருக்கு முதலில் சொல்லப்பட்ட தீர்ப்பையும் மறந்துவிடலாகாது. உரிமையின் எல்லை கரண்டை. பெருந்தன்மையின் எல்லை கரண்டைக்கும் கீழே. ஆக, நடு என்பது நம்முடைய வசதியைப் பார்த்து நாமே வரைந்துகொள்கிற கோடு அல்ல. நமக்குக் கீழே வாய்க்காலில் காத்திருப்பவர் யார் என்பதைப் பார்த்து வரைகிற கோடு.

கரண்டை என்றவுடன் வாசகர்களுக்கு உளு ஞாபகம் வந்திருக்கும். கரண்டை உட்படக் கால் கழுவுவது உளுவின் பர்ளு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை நாம் தொட்டுப் பார்க்கிற இடம் அது. அந்த உளுவிலேயே அளவின் பாடமும் இருக்கிறது. ஸஃது (ரலி) அவர்கள் உளுச் செய்துகொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், இதென்ன விரயம் என்று கேட்டார்கள். உளுவிலும் விரயம் உண்டா என்று அவர் வியந்தார். ஆம், ஓடுகிற ஆற்றின் கரையில் நீர் இருந்தாலும் உண்டு என்று பதில் வந்தது. இப்னு மாஜாவில் உள்ள இந்த அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டென்று முஹத்திஸ்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரால் உளுச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலுமே வருகிற செய்தி. ஒரு முத்து என்பது ஷாபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஹனபி கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். எப்படிப் பார்த்தாலும் வீட்டிலிருக்கிற ஒரு செம்புத் தண்ணீர்.

இப்போது பல பள்ளிவாசல்களில் ஹவுள் இருந்த இடத்தில் குழாய் வரிசை வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுத்தான் சட்டைக் கையையே மடிக்கத் தொடங்குகிறோம். நம்பாதவர்கள் ஒருநாள் தமது குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு உளுச் செய்து பார்க்கட்டும். நாம் வைத்துப் பார்த்தோம். தலைக்கு மஸ்ஹு செய்து முடிப்பதற்குள் வாளி நிரம்பிவிட்டது. வெட்கத்தோடு எழுதுகிறோம்.

இதில் நமது கிதாபுகள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகின்றன. மும்முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ். ஆனால் அதே செயல், தொழுகையாளிகள் சுத்தம் செய்துகொள்வதற்காக வக்பு செய்யப்பட்ட தண்ணீரில் நடந்தால், ஹராமாகிவிடுகிறது. பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் 'பத்ஹுல் முயீன்' ஷாபிஈ மத்ஹபில் இப்படிச் சொல்கிறது. ஹனபி மத்ஹபில் 'துர்ருல் முக்தார்' ஆசிரியரும் இதையே சொல்லி, மதரஸாக்களின் தண்ணீரும் இதில் சேரும் என்கிறார். தண்ணீர் அதே தண்ணீர். கை அதே கை. மக்ரூஹாக இருந்தது ஹராமாக ஆனது எதனால்? அதிகமாகக் கொட்டிய தண்ணீர் பிறருடைய ஹக்காக இருந்ததனால். பள்ளிவாசல் போர் மோட்டாரை எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஓட்டலாம், மின்கட்டணத்தை ஜமாஅத் கட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இந்தச் சட்டத்தைத் தமது ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

அளவு மீறுவது உலக ஆசையில் மட்டும்தான் நடக்குமென்று நினைக்க வேண்டாம். இபாதத்திலும் நடக்கும். ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) தமது சகோதரரைக் காண வந்தபோது, அவருடைய மனைவியார் உம்முதர்தா (ரலி) அவர்கள் அலங்காரமின்றி எளிய கசங்கிய உடையில் இருக்கக் கண்டார். காரணம் கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு இந்த உலகில் எந்தத் தேவையும் இல்லையே என்றார்கள். அந்த ஒரு பதிலில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! குறையாகவும் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை. ஸல்மான் (ரலி) புரிந்துகொண்டார். அபூதர்தா (ரலி) உணவை வைத்துவிட்டு நாம் நோன்பு என்றதும், நீர் உண்ணாமல் நான் உண்ணேன் என்று சொல்லி உண்ண வைத்தார். இரவில் அவர் தொழுகைக்கு எழுந்தபோதெல்லாம் உறங்கும் என்று படுக்க வைத்தார். பின்னிரவில் இருவரும் எழுந்து தொழுதார்கள். பிறகு, உம்முடைய இறைவனுக்கும், உம்முடைய உடலுக்கும், உம்முடைய குடும்பத்துக்கும் உம்மீது ஹக்கு உண்டு, அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடும் என்று எடுத்துரைத்தார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, ஸல்மான் சொன்னது உண்மையென்று உறுதிப்படுத்தினார்கள். அபூதர்தாவின் இரவுத் தொழுகை கரண்டைக்கு மேலே ஏறியிருந்தது. அந்தத் தண்ணீர் உம்முதர்தாவுடையது.

ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில், ஆசையையும் கோபத்தையும் அடியோடு பிடுங்கி எறிவதே நப்ஸைப் பக்குவப்படுத்துவது என்று எண்ணுகிறவர்களை மறுத்து எழுதியிருக்கிறார்கள். உணவாசை அற்றுப்போனால் மனிதன் அழிவான். கோபம் அற்றுப்போனால் தன்னையும் தன் குடும்பத்தையும் காக்கமாட்டான். ஆசையை வேடன் ஏறிய குதிரைக்கும் கோபத்தை அவனுடைய நாய்க்கும் ஒப்பிடுகிறார்கள். குதிரையைக் கொன்றுவிட்டு வேட்டைக்குப் போகமுடியாது. கடிவாளமில்லாத குதிரையும் வேடனைக் கொன்றுவிடும். இதற்குமேல் இதை விரிக்க வேண்டியதில்லை.

இப்போது நமது அடுப்பங்கரைக்கு வருவோம். ஜாபிர் (ரலி) அவர்கள் ஒருநாள் இறைச்சி வாங்கிக்கொண்டு போனார்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் எதிரே வந்து இதென்ன என்று கேட்டார்கள். இறைச்சி தின்ன ஆசையாயிருந்தது, ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்றார் ஜாபிர் (ரலி). ஹலாலான இறைச்சி, சொந்தக் காசு, ஒரே ஒரு திர்ஹம். இருந்தும் உமர் (ரலி) கேட்டார்கள்: அண்டைவீட்டானுக்காகவோ தன் சிற்றப்பன் மகனுக்காகவோ வயிற்றைச் சற்று ஒடுக்கிக்கொள்ள உங்களில் யாருக்கும் மனம் வராதா? 'முவத்தா'வில் இடம்பெற்றுள்ள செய்தி இது. கலீபா அவர்கள் இறைச்சி கூடாதென்று சொல்லவில்லை. உமக்கு ஆசை வந்தபோது உமது அண்டைவீட்டான் உமது கண்ணில் பட்டானா என்றுதான் கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்குத் தகுதியும் இருந்தது. ஹிஜ்ரி 18-ல் அரபு நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கிறவரையில் நெய்யைத் தொடுவதில்லையென்று இருந்து, எண்ணெயையே உண்டு, மேனி நிறம் மாறிப்போனவர்கள் அவர்கள்.

அதற்காக வீட்டில் ஆணம் காய்ச்சுவதையே விட்டுவிடுங்கள் என்று தாய்மார்களுக்குச் சொல்லவரவில்லை. அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன வழி அதைவிட இலகுவானது. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டிவைத்து அண்டைவீட்டாரையும் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆசையும் நிறைவேறும், ஹக்கும் நிறைவேறும், ருசி மட்டும் ஒரு படி குறையும். அந்த ஒரு படி ருசியில்தான் நம்மில் பலருக்கும் நப்ஸ் சண்டைக்கு நிற்கிறது.

எல்லாவற்றையும்விட இந்த மடை உடைப்பெடுக்கிற இடம் நமது கல்யாண வீடுகள். வலிமா சுன்னத்து. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலிமா கொடும் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டது உண்மை. அவர் வசதியுள்ள வியாபாரி. நாயகம் (ஸல்) அவர்களோ தமது மனைவியரில் ஒருவரை மணந்தபோது இரண்டு முத்து வாற்கோதுமையில் வலிமாவை முடித்திருக்கிறார்கள். ஸஃபிய்யா பின்த் ஹுயை (ரலி) அவர்களின் வலிமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும்தான் இருந்தன. செல்வர்களை மட்டும் அழைத்து ஏழைகளை விட்டுவிடுகிற வலிமாச் சாப்பாடே சாப்பாட்டில் மிகக் கெட்டது என்ற நபிமொழியை நிக்காஹ் மேடைகளில் அதிகமாகக் கேட்க முடிவதில்லை. கேட்டால் முன்வரிசை நாற்காலிகளில் இருப்பவர்களுக்குச் சங்கடமாயிருக்குமோ என்னவோ!

பிறரைச் சொல்வானேன். இதை எழுதுகிற நமது வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம். மகனுடைய வலிமாவுக்கு முந்நூறு பேர் என்றுதான் முதலில் பேச்சு. பெண்வீட்டார் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டார்களே என்றார் ஒருவர். நாமும் உடனே ஐந்நூறு என்றோம். பண்டாரி வந்து அரிசியும் கறியும் கணக்குப் போட்டபோது எழுநூறாக ஆகியிருந்தது. கையில் இருந்தது போதவில்லை. நமக்கு மூத்த அக்கா ஒருவர், கணவரை இழந்தவர், ஆற்றுக்கு அக்கரையில் ஓட்டு வீட்டில் இருக்கிறார். கேட்டதும் மறுபேச்சில்லாமல் தமது ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்தோம். வட்டிக்குத்தான் வைத்தோம். வலிமா என்கிற சுன்னத்தைச் சிறப்பிக்க வட்டி என்கிற பெரும்பாவத்தில் கால் வைத்தோமே என்று அன்று நமக்குத் தோன்றவில்லை. பந்தலையும் விளக்கையும் பற்றித்தான் தோன்றிற்று.

அன்று மழை பிடித்துக்கொண்டது. அழைத்தவர்களில் பலர் வரவில்லை. மறுநாள் காலையில் இரண்டு தேக்சா பிரியாணி கெட்டுப்போய், குழி வெட்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளியபோது பண்டாரி நம் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அக்கா வந்தார். வெகுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டுக் கிளம்புகிறபோது வாசலில் நின்று, "அவசரமில்லே தம்பி. அடுத்த மழைக்கு முன்னாலே சங்கிலி கிடைச்சா, அதை வித்து ஓடு மாத்திக்கலாம்னு பார்த்தேன்" என்றார். அந்த மழைக்கும் மீட்க முடியவில்லை. அதற்கடுத்த மழைக்கும் முடியவில்லை. அடுப்பங்கரையில் ஒழுகுகிற இடங்களில் அண்டாவையும் குடத்தையும் வைத்துவிட்டு, அக்கா கூடத்தில் ஓர் ஓரமாக முஸல்லாவை விரித்துத் தொழுதுகொண்டிருந்ததை நாமே ஒருநாள் பார்த்தோம். அப்போதும் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் ஆண்டு சங்கிலியை மீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மொத்தம் எவ்வளவு வட்டி கட்டினாய் என்று மட்டும் கேட்டார். சொன்னோம். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அந்த வட்டிப் பணம், அவருடைய வீடு முழுவதற்கும் புது ஓடு வாங்கப் போதுமானது.